ஜவ்வாது மலை முதல் வேடந்தாங்கல் வரை: ஆறுகள், ஏரிகள், பறவைகள்

ஜவ்வாது மலை தமிழகத்தின் வடபகுதியில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள மலைத்தொடர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இதன் உயர்ந்த முகடுகள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டரைத் தொடுகின்றன. சந்தன மரம், சாமை, காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் ஆகியவற்றால் பெயர் பெற்ற இம்மலையைப் பறவை நோக்குவோர் பலர் தம் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவர்கள் நேராக வேடந்தாங்கலுக்குப் போய்விடுகிறார்கள். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளுக்கு இரை கொடுக்கும் ஏரிகளில் ஒரு பகுதி, இந்த மலையில் பிறக்கும் ஆறுகளால் நிரம்புபவை. வழிகாட்டி ஒருவருடன் மலையில் தொடங்கி, ஆற்றைப் பின்தொடர்ந்து, சரணாலயத்தில் முடியும் இரண்டு மூன்று நாள் பயணத்தில் காணக்கூடியவற்றையும், அவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையானவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் அதன் ஆறுகளும்

ஜவ்வாது மலையைச் செய்யாறும் அகரம் ஆறும் கிழக்கு, மேற்கு என இரண்டு பகுதிகளாகப் பிரிக்கின்றன. இரண்டும் பாலாற்றின் துணையாறுகள். மலையின் மேற்குச் சரிவில் விழும் மழை பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையைச் சேர்கிறது. கிழக்கில் படவேட்டுக்கு மேலே கமண்டல நதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணையும், செங்கம் பக்கத்தில் செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம் அணையும் உள்ளன. அகன்ற மணல் ஆறாக வட ஆற்காட்டுச் சமவெளியைக் கடக்கும் செய்யாறு, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில் பாலாறு, வேகவதி ஆகியவற்றுடன் கூடுகிறது. ஊரின் பெயரே அந்தக் கூடலைச் சொல்கிறது.

இவை எதுவும் வற்றாத ஆறுகள் அல்ல. பெருமழைக்குப் பின் சில வாரங்கள் கரைபுரளும். மற்ற காலத்தில் மணலுக்கடியில் ஓடும். ஆகவே இங்கே ஆற்று உயிரினங்களைப் பார்க்கச் செல்பவர் அமேசான், பரம்பிக்குளம் போன்ற காட்சிகளை எதிர்பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியவை மடுக்கள், ஓடையோரப் பாறைகள், தேங்கிய குட்டைகள் ஆகியவையே. கோடையில் மலையின் உயிரினங்கள் அனைத்தும் இந்தச் சில மடுக்களை நம்பியே இருக்கின்றன என்பதால், குளிக்கவும் சமைக்கவும் அங்கே கூட்டமாக இறங்குவது எவ்வளவு இடையூறு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜவ்வாது மலையின் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வனவிலங்குச் சரணாலயம் அல்ல. காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி தேவை. மலையின் தலைமை ஊரான ஜமுனாமரத்தூர் வரை பேருந்து செல்கிறது. அங்கிருந்து கோமுட்டேரி, பீமன் அருவி போன்ற இடங்களுக்குச் செல்லலாம். கோமுட்டேரியில் படகு சவாரி உண்டு. படகு சவாரியும் பறவை நோக்கலும் ஒரே நேரத்தில் நடக்காது. படகுத்துறை திறக்கும் முன்பே ஏரிக்கரையில் இருப்பவருக்குத்தான் முக்குளிப்பானும் மீன்கொத்தியும் கிடைக்கும்.

மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குவது. சாமை பயிரிடுவதும், புளி, தேன், நெல்லி சேகரிப்பதும் இவர்களின் தொழில்கள். மலையில் வழிகாட்டியாக உள்ளூர்க்காரரை அழைத்துச் செல்வதே சிறந்தது. எந்த ஓடையில் இந்த ஆண்டு தண்ணீர் நிற்கிறது, எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது, எந்தப் பக்கம் கரடி நடமாட்டம் இருக்கிறது என்பவை எந்தக் கையேட்டிலும் இல்லாத தகவல்கள். பறவைகள் கூடும் இடத்தைத் தீர்மானிப்பவையும் அவைதாம்.

மலையில் காண்பவை

இங்குள்ளது பெரும்பாலும் இலையுதிர் காடும் முட்புதர்க் காடும். மயில், காட்டுக்கோழி, மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவை இத்தகைய காட்டின் வழக்கமான பறவைகள். குளிர்காலத்தில் ஓடைப் பாறைகளில் கரும்சாம்பல் வாலாட்டி வாலை ஆட்டியபடி பூச்சி தேடும். இமயத்திலும் அதற்கு அப்பாலும் கோடையைக் கழித்துவிட்டு வருவது இது. ஆறுமணிக்குருவி அக்டோபர், நவம்பரில் தென்னிந்தியக் காடுகளுக்கு வந்து சேர்கிறது; விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குரல் கொடுப்பதால் வந்த பெயர். மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் பறவை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் நடப்பவர்கள் இதன் குரலுக்குக் காது கொடுத்தபடியே செல்வது நல்லது, ஏனெனில் கண்ணில் படும் முன்பே புதருக்குள் மறைந்துவிடும்.

வேலூர் பக்கத்து அடிவாரத்தில் உள்ள அமிர்தி, 1967-ல் தொடங்கப்பட்ட சிறு வன உயிரியல் பூங்கா. அதன் வழியே ஓடும் ஆறும் சுற்றியுள்ள காடும் கூண்டுகளைவிடப் பார்க்கத் தகுந்தவை.

சாத்தனூர் முதலைகள்

செங்கத்துக்குத் தெற்கே தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஜவ்வாது மலைப் பயணத்தில் ஆற்று விலங்கு ஒன்றை உறுதியாகப் பார்க்க விரும்புவோர் இங்கே வரவேண்டும். இங்குள்ள முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் வளர்க்கப்படுகின்றன.

இந்தப் பண்ணையின் பின்னணி தெரிந்தால் அது வெறும் வேடிக்கை இடமாகத் தோன்றாது. தோலுக்காக வேட்டையாடப்பட்டதால் 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்திய முதலைகள் பல ஆறுகளிலிருந்து மறைந்தன. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரைகளில் இடப்பட்ட முட்டைகளைச் சேகரித்து, பொரித்து, குட்டிகளை ஓரளவு வளர்த்துப் பின் நீர்நிலைகளில் விடுவது அதன் முறை. தமிழகத்தில் ஒகேனக்கல், அமராவதி, சாத்தனூர் ஆகிய இடங்களில் வளர்ப்பு நடந்தது. வளர்ப்பில் கிடைத்த வெற்றி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மனிதர் புழங்காத ஆற்றுப்பகுதிகள் குறைந்துபோனதால் முதலைகளை விட இடம் கிடைக்கவில்லை. பல பண்ணைகளில் அவை தேங்கின.

குளிர்காலக் காலை வெயிலில் முதலைகள் கரையேறிக் கிடப்பது வழக்கம். பண்ணைக்கு வெளியே அணையின் நீர்ப்பரப்பு ஓரத்தில் இறங்கக் கூடாது என்ற அறிவிப்பை வழிகாட்டி வலியுறுத்தினால் அது மிகையல்ல.

ஏரிச் சங்கிலி

மலையிலிருந்து போளூர், வந்தவாசி, உத்திரமேரூர் வழியாகக் கிழக்கே சென்றால் நாலைந்து மணி நேரத்தில் வேடந்தாங்கலை அடையலாம். பயணிகள் உறங்கிவிடும் இந்தப் பகுதிதான் முழுப் பயணத்தையும் விளங்கவைப்பது.

வழியெங்கும் ஏரிகள். ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று நிலத்தின் சரிவைப் பின்பற்றி அமைந்தவை. செய்யாற்றின் நீர் அனுமந்தண்டலம் அணைக்கட்டில் திருப்பப்பட்டு உத்திரமேரூர் ஏரிக்கு வருகிறது. பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி இது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டால் உலகறிந்த உத்திரமேரூர்ச் சபையில், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுடன் ஏரி வாரியமும் தனியாக இருந்தது. ஏரியைத் தூர் வாருவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழுவின் முழுநேரக் கவலை. உத்திரமேரூர், வந்தவாசி வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் கிளியாறாகச் சேர்ந்து மதுராந்தகம் ஏரிக்குச் செல்கிறது.

வேடந்தாங்கல் ஏரி இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. செய்யாற்று நீர் நேரடியாக அதற்குள் வருவதில்லை. அருகிலுள்ள வளையபுத்தூர் ஏரியின் உபரியும், சுற்றுப்புற மழைநீரும்தான் அதை நிரப்புகின்றன. ஆனால் அங்கே கூடு கட்டும் பறவைகள் அந்த ஒரு ஏரியில் இரை தேடுவதில்லை. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. நல்ல மழை பெய்த ஆண்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் அதில் தங்குகின்றன. அவ்வளவு வாய்களுக்கு வேண்டிய மீன் அங்கே இருக்க வழியே இல்லை. காலையில் பறவைகள் நாலா பக்கமும் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பறந்து, பாலாறு, செய்யாற்றுப் படுகையின் ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடி, திரும்பி வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. வேடந்தாங்கல் அவற்றுக்கு வீடு. அடுப்படி வேறு ஊர்களில் இருக்கிறது.

வேடந்தாங்கலின் பாதுகாப்பு

வேடர்கள் தங்கும் இடம் என்ற பொருளில் வந்த ஊர்ப்பெயர் ஒரு முரண். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் நெற்பயிருக்கு உரம் என்பதை ஊரார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டுப் பகுதியை ஆண்ட ஜாகீர் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டனர். அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் அளித்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் கலெக்டரும் இவரே. அந்தக் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வேடந்தாங்கல் உரிமைப் பத்திரம் பலருக்குத் தெரியாது. 1858-ல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் ஏரி சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் இன்றும் உண்டு.

1998-ல் ஏரியும் அதைச் சுற்றிய 5 கிலோமீட்டர் ஆரமும் சட்டப்படி சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2020-ல் இந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைத்து, எஞ்சிய 2 கிலோமீட்டரை வேறு வகையில் வைக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த 5 கிலோமீட்டருக்குள் வயல்கள், ஊர்கள், தொழிற்சாலைகள் எல்லாம் இருக்கின்றன. ஏரியே போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. நத்தை தேடும் நாரையின் கண்ணிலிருந்து பார்த்தால் அந்த வயல்களும் சிற்றேரிகளும்தான் சரணாலயத்தின் உயிர்ப்பகுதி. 5 கிலோமீட்டரே குறைவு என்பதுதான் சரியான குறையாக இருக்கும்.

சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலி 1989-ல் சரணாலயமானது. ஏறத்தாழ 61 ஹெக்டேர் பரப்பில் இரு ஏரிகள் கொண்டது. 2022-ல் கரிக்கிலி, வேடந்தாங்கல் இரண்டும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் பட்டியல் அது. 2002 முதல் இருபது ஆண்டுகள் தமிழகத்திலிருந்து கோடியக்கரை மட்டுமே அதில் இருந்தது.

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது

வேடந்தாங்கலுக்குச் சென்று வந்தவர்களிடம் கேட்டால், பறவைகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து கூடு கட்டுகின்றன என்பார்கள். பள்ளிச் சுற்றுலாவில் கேட்டது, நாளிதழில் படித்தது. இதில் பாதிக்கு மேல் தவறு. நல்ல வழிகாட்டிக்கும் கூட்டத்தை நகர்த்துபவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்.

மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகைகள் எல்லாம் நம் துணைக்கண்டத்திலேயே வாழ்பவை. நீர் இருக்கும் இடம் தேடி உள்நாட்டிலேயே இடம் மாறுகின்றன. வடக்கு ஆசியாவிலிருந்து மத்திய ஆசிய வான்வழியில் வருபவை வேறு: நீலச்சிறகு கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், சில உள்ளான் வகைகள். இவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. குளிர்காலத்தைக் கழித்து, கொழுத்து, மார்ச் வாக்கில் வடக்கே திரும்பி அங்கேதான் இனப்பெருக்கம் செய்கின்றன.

இது வெறும் பெயர்ப் பட்டியல் சர்ச்சை இல்லை. வாத்துகளுக்கு இந்த ஊரில் ஓர் ஆண்டு நீர் இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போகும். கூழைக்கடாவுக்கு ஓர் ஆண்டு ஏரி பாதியில் வற்றினால் அந்த ஆண்டின் குஞ்சுகள் போயின.

கூட்டுக்குக் கீழே நிற்கும் நீர்

வேடந்தாங்கலில் கூடுகள் பெரும்பாலும் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் உள்ளன. கரிக்கிலியில் கருவேல மரங்கள். மரத்தடியில் தண்ணீர் நிற்பது கூட்டுக்குக் கோட்டை அகழி போன்றது. காட்டுப்பூனை, நரி, தெருநாய், மனிதன் யாரும் எளிதில் அணுக முடியாது. வடகிழக்குப் பருவமழை தவறி, ஜனவரியிலேயே நீர் வடிந்தால் அகழி போய்விடுகிறது. பறவைகள் முட்டையையும் குஞ்சையும் விட்டுக் கிளம்புவதும் உண்டு.

பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை முதலில் வரும். மூடிய அலகின் நடுவே பாக்குவெட்டி போல இடைவெளி இருப்பதால் இதை அடையாளம் காண்பது எளிது. வயல் நத்தைகளே இதன் முக்கிய உணவு. ஆகவே வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி நேராக இதன் தட்டுக்கு வருகிறது. மஞ்சள் மூக்கு நாரை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைத் திறந்து கலங்கல் நீரில் வைத்துக்கொண்டு நடக்கும், மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். முழங்கால் ஆழ நீர் அதற்கு வேண்டும். மீன் வளர்ப்புக் குத்தகைக்காக ஆழப்படுத்திச் செங்குத்தாக வெட்டிய ஏரி பயன்படாது. பாம்புத்தாரா உடலை நீருக்குள் மூழ்கவைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதால், முதல்முறை பார்ப்பவர்கள் பாம்பென்றே கூவுவார்கள். உலகளவில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகப் பட்டியலிடப்பட்ட கூழைக்கடா இங்கே கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுவதை மூன்று அடுக்கு மரத்தில் ஒரே பார்வையில் காணலாம்.

மாலை 4 மணிக்குக் கரைக்கு வந்துவிட வேண்டும். இரை தேடப் போனவை வரிசை வரிசையாகத் திரும்பும். இருட்டும் நேரத்தில் அவை அமர, பகலெல்லாம் தூங்கிய வக்காக்கள் கத்திக்கொண்டு வெளியே கிளம்பும். இந்த மாற்றம் அரை மணி நேரம் நடக்கும். ஐந்தரை மணிக்கே வண்டியைக் கிளப்பும் சுற்றுலாக்கள் இதைத் தவறவிடுகின்றன.

வழிகாட்டியும் குழுவும்

ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. கேட்கும்படி சொன்னால் பறவை பறந்துவிடும். வெள்ளை, சிவப்பு உடைகளைத் தவிர்க்கலாம். இருநோக்கி 8 மடங்கு பெருக்கம் போதும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது மலைக்காட்டில் சிலர் செய்யும் வழக்கம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று நம்பும் பறவை கூட்டை விட்டு அலையும் என்பதால் இதை அனுமதிக்கும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆளில்லாப் பறக்கும் ஒளிப்படக் கருவிகளுக்கும் அதே விதி.

தமிழ்ப் பெயர்களைக் கேட்டுப் பெறுங்கள். க. ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' போன்ற நூல்கள் உள்ளன. சரணாலயத்தைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன், பின்னர் சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் இயற்கையைத் தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர்கள். ஊர்ப்பெயர்கள் பறவையின் செயலையே சொல்லிவிடுகின்றன. நத்தைகுத்தி என்ற பெயர் தெரிந்த சிறுவனுக்கு அது என்ன தின்னும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பார்த்ததைக் குறித்து வைப்பது பயணத்தின் பயனைக் கூட்டும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவை கணக்கெடுப்பை நடத்துகின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணிய பட்டியல்கூட ஏற்கப்படும். வேடந்தாங்கலுக்கு ஏற்கெனவே ஏராளமான பட்டியல்கள் உண்டு. போளூருக்கும் உத்திரமேரூருக்கும் இடையில் உள்ள பெயர் தெரியாத சிற்றேரியின் கரையில் இறங்கி எடுக்கும் பட்டியலுக்கே மதிப்பு அதிகம்.

காலமும் வழியும்

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்; குஞ்சுகளைக் காண ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் சிறந்தவை. கிளம்பும் முன் அந்த ஆண்டு ஏரியில் நீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து வருவோர் தேசிய நெடுஞ்சாலையில் படாளம் சென்று திரும்பலாம். மலையிலிருந்து வருவோர் முதல் நாள் ஜமுனாமரத்தூரில் தங்கி, மறுநாள் சாத்தனூரைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் விடியலில் கிளம்பினால் வழியிலுள்ள ஏரிகளில் நின்று பார்த்தபடி மாலைக்குள் வேடந்தாங்கல் கரையைச் சேரலாம். கரிக்கிலியில் கூட்டம் குறைவு. அடுத்த நாள் காலையை அதற்கு ஒதுக்குவது நல்லது.